நான் கொல்லப் பார்த்த நாணல்

தண்ணீர் அதிகம் கேட்காத புல்வகைகளை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று, என்னிடம் தோட்ட வேலை பழகிய நீங்கள் எனக்கு நடத்திய வழியனுப்பு விழாவில் ஒருவர் பேசினார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று நினைத்திருப்பீர்கள். அடக்கமெல்லாம் ஒன்றுமில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இந்த வேலையெல்லாம் யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். காபி ஆறிப்போகும் என்று சொல்லி நழுவிவிட்டேன். வேலையில் இருந்த வரைக்கும் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. இப்போது யாரும் என்னை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்பதால் எழுதுகிறேன். எவ்வளவு எரு, எத்தனை அடிக் குழி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் தேடி இதைப் படிக்காதீர்கள். ஒரு புல்லை இரண்டு வருஷம் வளர்த்துவிட்டு, அப்புறம் எட்டு மாதம் அதைக் கொல்லப் பார்த்த ஒருவனின் கதை இது.

முப்பதுகளின் நடுப்பகுதி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. எனக்கு இருபத்திரண்டு வயசு. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் தோட்டக்காரனாகச் சேர்ந்தேன். வீட்டுக்காரம்மா தமிழ்க் கத்தோலிக்கர். கணவர் சைகோனில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து அங்கேயே காலமானவர். தெருவில் எல்லோரும் அந்த அம்மாவை மதாம் என்பார்கள். மாதா கோயிலில் சாமியாரிடம் பேசும்போதும் கறிகாய்க்காரியிடம் பேரம் பேசும்போதும் ஒரே குரல்தான், கேட்கிறவர்களுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். ஒரே பிள்ளை ரெனே. பிரான்சில் துலோன் என்ற துறைமுகத்து ஊரில் தபால் ஆபீசில் வேலை.

"எங்க தொழில் பழகினே?" என்று மதாம் முதல் நாள் கேட்டார்.

"அரசாங்கத் தோட்டத்துல, மதாம்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மூன்று மாதம் அங்கே தண்ணீர்க் குடம் தூக்கியிருக்கிறேன். அவர் என்னைப் படித்த தோட்டக்காரன் என்று எடுத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை. ரோஜாவை எப்போது வெட்டிவிட வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டு மதில் வழியாக எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வீட்டுத் தோட்டக்காரர் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் எனக்கும் அன்று ஒன்றும் தெரியாது.

கொல்லையில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி எனக்கு ஓர் அறை கொடுத்தார். அதுவரைக்கும் என் அண்ணன் வீட்டு வாசலில், அண்ணி கதவைச் சாத்திய பிறகு, மழை பெய்தால் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவன் நான். அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. என் பெயரில் எனக்கென்று இருந்த முதல் தாழ்ப்பாள் அது. அதைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்துப் பார்த்தேன். பின்னால் நான் செய்த அத்தனை அற்பத்தனத்துக்கும் அந்தத் தாழ்ப்பாள்தான் காரணம். மன்னிப்புக்காக இதைச் சொல்லவில்லை, காரணம் தெரியாமல் நீங்கள் என்னை வெறும் அயோக்கியன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று சொல்கிறேன்.

அந்தக் கிறிஸ்மசுக்கு ரெனேயின் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே தூசி மாதிரி விதை. எங்கள் தபால் ஆபீஸ் முற்றத்தில் இந்தப் புல் நிற்கிறது, பம்பா என்கிறார்கள், மழை இல்லாவிட்டாலும் சாகாது, ஆள் உயரத்துக்கு வெள்ளைக் கதிர் விடும், வீட்டு வாசலில் போட்டுப் பாருங்கள் அம்மா என்று எழுதியிருந்தான். மதாம் அந்தப் பொட்டலத்தை பூசையில் சாமியார் அப்பத்தை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார்.

படித்த தோட்டக்காரன் உடனே விதைத்துவிடலாமா? "மண்ணு மாத்தணும் மதாம்" என்றேன். ஏன் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது. வண்டி பிடித்துக்கொண்டு அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு பாரம் மணல் ஏற்றிவந்து, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பாத்தி அமைத்து, பொங்கல் கழிந்ததும் விதைத்தேன்.

மூன்றாவது வாரம் பாத்தி முழுக்கத் தலைமுடி கணக்காக மெல்லிசாக ஏதோ முளைத்தது. நடுநடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முளைகள், ஊசிபோல நுனியோடு நிமிர்ந்து நின்றன. நான் குந்தி உட்கார்ந்து யோசித்தேன். பிரான்சிலிருந்து கப்பல் ஏறி வந்த புல் இப்படி நோஞ்சானாகவா இருக்கும்? தடித்ததுதான் சீமைப் புல், மெல்லிசு நம்மூர்க் களை என்று முடிவு கட்டினேன். இரண்டு காலைப் பொழுது உட்கார்ந்து மெல்லிசு ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்தேன். அவ்வளவு சுத்தமாக நான் களை எடுத்தது என் தொழிலிலேயே அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் இப்போதே ஊகித்திருப்பீர்கள். எனக்கு அதற்குப் பத்து மாதம் பிடித்தது. பெயர் தெரியாத முளையைப் பிடுங்காதே என்று நான் உங்களிடம் கத்துவேனே, கோபக்கார மனுஷன் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவீர்களே, அந்தக் கத்தல் இங்கேதான் தொடங்குகிறது.

புல் வளர்ந்தது. வளர்ந்தது என்றா சொல்வது, பாய்ந்தது. மதாம் பலகையில் பிரெஞ்சில் அதன் பெயரை எழுதி நட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். ஒவ்வொரு தடவை மகனுக்குக் கடிதம் எழுதும்போதும் ஓர் இலையைக் கிள்ளி மடித்து உள்ளே வைப்பார். அவனும் விடாமல் கேட்பான், புல் எப்படி இருக்கிறது, இன்னும் ஓர் இலை அனுப்புங்கள் என்று. "என் மூட்டு வலியப் பத்தி ஒரு வரி கேக்கல, புல்லப் பத்தி நாலு வரி கேக்கறான்" என்று மதாம் சலித்துக்கொள்வார். சலித்துக்கொண்டே கிள்ளுவார்.

கார்த்திகையில் கதிர் வந்தது. வெள்ளைவெளேர் என்று பதினாறு கதிர். அந்தக் காலையில்தான் என் மானம் போயிருக்க வேண்டும். போகாமல் காப்பாற்றிக்கொண்டேன். அது இன்னும் மோசம்.

வீட்டில் ஒரு பசு இருந்தது. அதற்குத் தினமும் தவளக்குப்பத்திலிருந்து ஒரு பெண் புல்லுக்கட்டு சுமந்து வருவாள். முப்பது வயசு இருக்கும். எட்டு மைல் போகவர நடை. வாயும் நடையும் ஒரே வேகம். பேரை நான் கேட்டதே இல்லை, எல்லோருக்கும் அவள் புல்லுக்காரி. அன்றைக்குக் கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே பாத்திக்கு முன்னால் நின்றாள்.

"என்னாம்மா இது, ஆத்தங்கர நாணலக் கொண்டாந்து வாசல்ல நட்டு வச்சிருக்கீங்க?"

மதாம் படியில் நின்றுகொண்டிருந்தார். "நாணலா? பாத்துப் பேசு. என் பிள்ள பிரான்சுலேருந்து அனுப்பினது."

"எங்கேருந்து அனுப்பினா என்னாம்மா, நாணல்தான். தெனம் அறுக்கறவ எனக்குத் தெரியாதா? ஓரத்தத் தடவிப் பாருங்க, கையக் கிழிக்கும்."

மதாம் என் பக்கம் திரும்பினார். "சவரி, நீ படிச்சவன். நீ சொல்லு."

அந்த நொடியே எனக்கு ஆற்று மணல் வண்டி கண் முன்னால் வந்து நின்றது. தெரியவில்லை மதாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் படித்த தோட்டக்காரனுக்குத் தெரியவில்லை என்ற வார்த்தை வராது.

"அவளுக்கு என்னா தெரியும் மதாம்? பாக்கறதுக்கு அப்பிடித்தான் இருக்கும். இது வேற வகை" என்றேன்.

புல்லுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யோவ், நெஞ்சத் தொட்டுச் சொல்லுய்யா."

நான் மண்வெட்டியைத் தொட்டேன், நெஞ்சைத் தொடவில்லை. மகன் அனுப்பியதைக் காட்டுப்புல் என்றதில் மதாமுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளையிலேருந்து நீ புல்லு கொண்டார வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். புல்லுக்காரி கொட்டகைக்குப் போய்க் கட்டைப் போட்டாள், தலைச் சும்மாட்டை உதறினாள், போய்விட்டாள். நிரந்தரமாக அவளிடம் புல் வாங்கிய வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். அது எனக்கு அப்போதே தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்கு நடந்தேன். கரை நெடுக வெள்ளைக் கதிர். என் பாத்தியில் இருந்த அதே தண்டு, அதே இலை, அதே விளிம்பு. கையைக் கிழித்தும் பார்த்துக்கொண்டேன், கிழித்தது. நான் வண்டியில் ஏற்றிய மணலோடு நாணல் வேர்த்துண்டுகளும் ஏறியிருக்கின்றன. சீமைப் புல்லைக் களை என்று பிடுங்கிவிட்டு, களையைச் சீமைப் புல் என்று வளர்த்திருக்கிறேன். திரும்பி வந்தேன், அறைக்குள் போனேன், தாழ்ப்பாளைப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பசுவுக்குப் புல் அறுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அது மட்டும் நியாயம்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் போயிற்று. ஐப்பசியில் மழை ஏமாற்றியது. நாலு தூறலோடு கார்த்திகை முடிந்தது. தை மாதம் மதாம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கே ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"ரெனே வரான் சவரி! புரட்டாசிக் கடைசியில வரான். ஆறு வருஷம் ஆச்சு என் பிள்ளயப் பாத்து. மொதல்ல புல்லப் பாக்கணும்னு எழுதியிருக்கான்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பம்பாப் புல்லைத் தினமும் தபால் ஆபீஸ் முற்றத்தில் பார்க்கிறவன் வருகிறான். ஒரு பார்வை போதும். பொய் சொன்னது தெரியும், புல்லுக்காரியை அநியாயமாக விரட்டியது தெரியும், மதாம் என்னை வெளியே தள்ளுவார், மறுபடியும் அண்ணன் வீட்டு வாசலும் சாக்கும்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. மழை இல்லாத வருஷம். சீமைப் புல் வறட்சியில் செத்துப்போயிற்று என்றால் யார் என்ன கேட்க முடியும்? அவன் வருவதற்குள் புல் சாக வேண்டும். பிணம் கூட இருக்கக் கூடாது.

முதலில் தண்ணீரை நிறுத்தினேன். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ரோஜாவுக்கும் குரோட்டனுக்கும் ஊற்றினேன், நாணலுக்கு ஒரு சொட்டு இல்லை. மாசிக்குள் ரோஜா கருகத் தொடங்கியது. நாணல் இலையைக் கொஞ்சம் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றது. நான் அதுவரை தினமும் தண்ணீர் ஊற்றி அதைக் கொழுக்க வைத்திருந்தேன், காற்றடித்தால் சாய்ந்து விழும். தண்ணீர் நின்றதும் விறைப்பாக நிமிர்ந்துகொண்டது. "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் மதாம்.

சரி என்று அரிவாளை எடுத்து அடியோடு அறுத்தேன். மதாம் பதறிப்போய், "ஏன் வெட்டினே?" என்றார். "வருஷத்துக்கு ஒரு தடவ வெட்டணும் மதாம், பிரான்சுல அப்பிடித்தான்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் அதை மகனுக்கு எழுதினார். கப்பலில் பதில் வந்தது: சவரி செய்தது சரி, இங்கேயும் அப்படித்தான் வெட்டுகிறார்கள், அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அதற்குள் வெட்டிய இடத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் தளிர் வந்திருந்தது. நன்றியையும் தளிரையும் ஒரே நாளில் பார்த்தேன்.

பங்குனியில் காய்ந்த சருகை மேலே குவித்து நெருப்பு வைத்தேன். பூச்சிக்காக என்றேன். எரிந்து கரிக்கட்டையான அடித்தூரிலிருந்து பத்தே நாளில் பச்சை எட்டிப் பார்த்தது. பசுவை அவிழ்த்து விட்டேன், அது தளிரை ருசித்துத் தின்றது, மறுபடி வந்தது. எங்கள் கிணறு அந்தக் கோடையில் உப்புக் கரித்தது, அந்த உப்புத் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தேன். அதை அது பொருட்படுத்தவே இல்லை. வைகாசியில் கடைசியாகக் கடப்பாரையால் தூரைப் பிளந்து பாதியைப் பெயர்த்துக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் வீசினேன். தூர் நெருக்கம் குறைந்ததும் மிச்சப் பாதி மூச்சு விட்டுக்கொண்டு செழித்தது. வீசிய பாதி பாத்திரம் கழுவும் தண்ணீரைக் குடித்துச் சுவரோரம் வேர்விட்டது. இப்போது என்னிடம் இரண்டு நாணல்.

ஆடியும் பொய்த்தது. ஆவணிக்குள் தோட்டத்தில் நான் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய அத்தனையும் செத்துப்போயின. ரோஜா போயிற்று, குரோட்டன் போயிற்று, மதாம் ஆசையாய் வைத்திருந்த மல்லிகைக் கொடி குச்சியாகிவிட்டது. நான் கொல்லப் பார்த்தது மட்டும் நின்றது. புரட்டாசியில் அது கதிர் விட்டது. பதினாறு இல்லை. நாற்பதுக்கு மேல்.

கொழும்பில் கப்பலிறங்கி ரயில் மாறி மாறி ரெனே வந்து சேர்ந்தான். நல்ல வெயில் நேரம். ஸ்டேஷனிலிருந்து வந்தவனை மதாம் வீட்டுக்குள்ளே விடவில்லை. கையைப் பிடித்து நேரே பாத்திக்கு இழுத்து வந்தார். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து வயசுப் பையன், கோட்டுப் போட்டு வியர்த்து வழிந்தான். கதிர்களைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். எனக்கு விளங்கிவிட்டது, அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா வளத்திருக்கீங்க சவரி" என்றான்.

அவ்வளவுதான். தப்பித்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னான் என்று புரியவில்லை, புரிந்துகொள்ள அவசரமும் இல்லை. கால் தானாகக் கொட்டகைப் பக்கம் திரும்பியது.

மதாமுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "ஒரு கூத்து கேளுடா. புல்லுக்காரி ஒருத்தி இத நாணல்னு சொல்லிட்டா. இனிமே இந்தப் பக்கம் வராதன்னு தொரத்திட்டேன்" என்று சிரித்தார்.

ரெனே சிரிக்கவில்லை. குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தான். அம்மாவிடம் உண்மையைச் சொல்லவும் முடியாமல், அந்த விஷயத்துக்குச் சிரிக்கவும் முடியாமல் அவன் நின்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. என் பொய்யை அவன் ஏன் சுமக்க வேண்டும்? எட்டு மைல் நடந்த அந்தப் பெண் ஏன் சுமந்தாள்? எனக்கு அழுகை வந்தது. இதில் வீரம் ஒன்றும் இல்லை, வேறு வழியில்லாமல் வார்த்தை வெளியே வந்தது.

"மதாம், அவ சொன்னதுதான் நெசம். இது நாணல். தம்பி அனுப்பின விதைய நான் களன்னு பிடுங்கிப் போட்டுட்டேன். நான் தோட்டத்துல ஒண்ணும் படிக்கல, தண்ணி தூக்கினேன்."

மதாம் மகனிடம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?"

"மொத எல வந்தப்பவே தெரியும்மா."

"ரெண்டரை வருஷமா? ஏன்டா எழுதல?"

"எழுதினா அனுப்பறத நிறுத்தியிருப்பீங்க." அவன் ஒரு கதிரை வளைத்துப் பிடித்துக்கொண்டான். "நடுங்கற குளிர்ல ஒங்க கவரப் பிரிப்பேன். அரியாங்குப்பம் ஆத்தங்கர உள்ள இருக்கும். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்குப் போகாம அங்கதானம்மா கெடப்பேன். அந்த பம்பாப் புல்ல முற்றத்துல பாத்தப்ப இது ஞாபகம் வந்துதான் வெதையே அனுப்பினேன்."

அவன் இலை இலையாகச் சேர்த்து வைத்த ஒன்றை நான் எட்டு மாதமாக வெட்டியும் கொளுத்தியும் ஒழிக்கப் பார்த்திருக்கிறேன். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மதாம் மகனுடைய கன்னத்தைத் தடவினார். என்னைப் பார்த்தபோது கண் ஈரமாக இருந்தது, குரல் ஈரமாக இல்லை. "மோந்தியே, ஆண்டவரே! ஒன் பேச்சக் கேட்டு ஒரு பொம்பளயோட பொழப்பக் கெடுத்தேனே. நாளைக்குக் காலையில போயி அவளக் கூட்டிக்கிட்டு வா. அவ வரலன்னா நீயும் வர வேணாம்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். அவள் நடந்த நாலு மைலை முதல்முறையாக நானும் நடந்தேன். பாலம் தாண்டி, கடலூர் ரோட்டில் விசாரித்து விசாரித்துப் போய், தவளக்குப்பத்துக்கு வெளியே ஒரு வறண்ட வாய்க்கால் மேட்டில் அவளைக் கண்டுபிடித்தேன். காய்ந்த புல்லை வழித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள், அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"என்னாய்யா, படிச்சவரு இந்தப் பக்கம்?"

"நீ சொன்னது சரி. நான் பொய் சொன்னேன். மதாம் ஒன்ன வரச் சொன்னாங்க."

"இத சொல்ல ரெண்டு வருஷமா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "என்னா ஆச்சி அந்த நாணலு? மழயில்லாத இந்தக் காச்சல்ல செத்திருக்குமே, ஊத்தி ஊத்தி வளத்த கை ஒன்னுது."

அவளிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது? நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தண்ணீரை நிறுத்தியதைச் சொன்னேன். அடியோடு அறுத்ததை, சருகு போட்டுக் கொளுத்தியதை, மாட்டை விட்டதை, கடப்பாரையால் பிளந்து வீசியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொளுத்தியதைச் சொன்னபோது தோள் குலுங்கியது. பிளந்ததைக் கேட்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"யோவ், ஏன்யா, நாணலு நல்லா வரணும்னா நாங்க வருஷா வருஷம் செய்யற வேலய்யா அது! மாசியில அறுப்போம், பங்குனியில கொளுத்துவோம், தூரு முத்தினா பொளப்போம். ஒனக்கு வளக்கத்தான் தெரியாதுன்னு நெனச்சேன். கொல்லவும் தெரியலியே ஒனக்கு!"

உங்களுக்கு நான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த வித்தை முழுக்க இவ்வளவுதான். மாசியில் அறு, தூரைப் பிள, தண்ணீர்க் குடத்தைக் கீழே வை.

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புல்லைச் சேர்த்துக் கட்டினாள், சும்மாட்டைச் சுருட்டினாள். தன் தலையில் வைக்கவில்லை, என் தலையில் வைத்தாள். அதன்மேல் கட்டைத் தூக்கி இறக்கினாள். என் கழுத்து உள்ளே போய்விட்டது.

"நட" என்றாள்.

கடலூர் ரோட்டில் அவள் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் கட்டைச் சுமந்துகொண்டு பின்னால். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியதும் இரண்டு கரையிலும் நாணல் பூத்துக் கிடந்தது. நான் பார்க்கத் திரும்பினேன். அவள் திரும்பாமலே அதட்டினாள்.

"கட்டு சாயுது. நேரா புடி."